முதலில் ஒரு மூலை

அவர் என் கடைக்கு முதன்முதலாக வந்தது வேலை கேட்டு அல்ல, ஒரு கால்மிதியைக் கழுவக் கொடுக்க. நிறம் போய், கரையில் நூல் பிரிந்து கிடந்த கால்மிதி. அதைக் கழுவும் நேரத்துக்குப் புதிது ஒன்று வாங்கிவிடலாம் என்று வேறு எவரும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லாதவன் நான். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன், வாடகை மெஷின் ஒன்றோடு வீடு வீடாகப் போய்க் கம்பளம் கழுவத் தொடங்கியவன், இன்று ரெய்னர்ஸ் லேனில் சொந்தக் கடையும் பின்னால் கழுவும் கூடமும் என் பெயர் எழுதிய வான் வண்டிகளும் வைத்திருக்கிறேன் என்றால் அது சும்மா வந்ததல்ல. ஹரோவில் எந்தப் பெரிய வீட்டுக்குள் போனாலும் நிலத்தில் கிடப்பதை என் கை ஒரு முறையாவது தொட்டிருக்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன், அதிலென்ன.

கால்மிதியை எடுக்க வந்த அன்று அவர் அதைக் கொண்டு போகாமல் மேசையிலேயே விரித்தார். முகர்ந்து பார்த்தார். திருப்பி முதுகுப் பக்கம் பார்த்தார். பிரிந்திருந்த கரையை விரலால் தடவினார். கேட்காமலே அதை நான் தைத்து விட்டிருந்தேன்.

“அண்ணை, இஞ்சை வேலைக்கு ஆள் எடுக்கிறியளோ?”

“என்ன தங்கச்சி, கால்மிதியைக் கழுவக் குடுத்தனீர், இப்ப வேலை கேக்கிறீர்?”

“கழுவத் தெரியாத கடையிலை சேந்து நான் என்ன செய்யிறது?”

முதலாளியைச் சோதித்துப் பார்த்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த ஆள் என் வாழ்நாளில் அவர் ஒருவர்தான். வேறு யாரும் அப்படிச் சொல்லியிருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன். ஆனால் என் தையலை அவர் தடவிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. நல்ல வேலையைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு.

மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்கார மனுசி. கணவர் இல்லை. முதல் நாள் தன் பெயரில் பாதியைத்தான் சொன்னார். மற்றப் பாதி, நான் ஒழுங்கான ஆள் என்று அவருக்கு உறுதியான பிறகு வந்தது. ஆகவே அவரைக் கேட்காமல் முழுப் பெயரையும் இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. கடையில் இருந்தவர்களுக்கு அவர் அக்கா. எனக்குத் தங்கச்சி.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்பளத்தைத் தண்ணீருக்குள் இறக்க முன்பு வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு மூலையில் அழுத்திப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஏறினால் அது ஓடுகிற சாயம். அந்தக் கம்பளத்தைத் தண்ணீரில் போட்டால் சிவப்பெல்லாம் வெள்ளைக்குள் இறங்கிவிடும். பிறகு கடவுள் வந்தாலும் பிரித்தெடுக்க ஏலாது. இது எல்லாரும் செய்வதுதான். வேலை நெருக்கும் நாட்களில் எல்லாரும் செய்யாமல் விடுவதும்தான். நாங்கள் அந்தச் சோதனையைக் கம்பளத்தோடு நிறுத்திக்கொள்வோம். அவர் நிறுத்தவில்லை. உலகத்தில் உள்ள எதையும், முதலில் ஒரு மூலையில் தொட்டுப் பார்க்காமல் அவர் உள்ளே இறங்கியதில்லை.

தேநீரைக் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்த பிறகுதான் கோப்பையில் வாய் வைப்பார். புதுச் செருப்பை ஒரு கிழமை வீட்டுக்குள் போட்டு நடப்பார். டொக்டர் தந்த குளிசையைப் பாதியாக உடைத்துப் போட்டுவிட்டு, உடம்பு என்ன சொல்லுகிறது என்று கதிரையில் இருந்து கேட்பார். அவருடைய மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கப் புதிதாக ஒரு சுவாமி மாறி வந்தபோது, “எப்பிடி ஆள்?” என்று கேட்டேன்.

“இன்னும் தெரியேல்லை அண்ணை. ஒரு சின்னப் பாவத்தைச் சொல்லிப் பாத்திருக்கிறன்.”

“பாவத்திலையுமா மூலை பாக்கிறது?”

“சின்னதுக்கே பெரிய செபம் தந்தாரெண்டால், பெரிசை எப்பிடிச் சொல்லுறது? பாவம், மனுசனுக்கும் தாங்காது.”

அவரிடம் எப்போதும் ஒரு வெள்ளை லேஞ்சி, கைக்குட்டை, இருக்கும். வாடிக்கையாளர் கம்பளத்தை இறக்கிவைத்துவிட்டு வாய் திறக்க முன்னரே அதை நனைத்துப் பிழிந்து கையில் வைத்திருப்பார். ஒருமுறை கொஞ்சம் கடுப்பான ஆள் ஒருவர், “என்ன, என்ரை காபெற்றுக்குக் காய்ச்சலோ பாக்கிறியள்?” என்றார். அவர் நிமிரவேயில்லை. “ஓம். காய்ச்சல் எண்டால் குளிக்க வாக்கேலாது” என்றார். அந்த மனிதர் சிரித்துவிட்டார். இன்றுவரை என் வாடிக்கையாளர்.

எனக்கு இது ஒத்துவராத குணம். நான் அப்படி வளர்ந்தவன் அல்ல. மூலை பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் நான் இந்த நாட்டுக்கு விமானம் ஏறியிருக்கவே மாட்டேன். கையில் பிடித்ததைப் பிடித்து, காலை வைத்த இடத்தில் நின்று, விழுந்தாலும் முன்பக்கமாக விழுந்து மேலே வந்தவன். “இவ்வளவு பயந்தால் என்னெண்டு முன்னுக்கு வாறது?” என்று பலதரம் கேட்டிருக்கிறேன். “நான் பயப்பிடேல்லை அண்ணை. பாத்திட்டு வாறன். நீங்கள் முன்னாலை போங்கோ” என்பார்.

ஒருமுறை உண்மையாகவே கோபம் வந்தது. வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போய் வந்த என் மனைவி, செருப்பைக் கழற்ற முன்னரே கத்தத் தொடங்கினாள். “கடையை விக்கப் போறியளாம்! எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை!” யார் சொன்னது என்று விசாரித்துக்கொண்டே போனால், கடைசியில் கடையில் புதிதாகச் சேர்ந்த ஆளில் போய் நின்றது. அவனுக்கு யார் சொன்னது? எங்கள் அக்கா. காதோடு காதாக, ‘ஒருத்தருக்கும் சொல்லாதை’ என்று சொன்னாராம்.

“என்ன தங்கச்சி இது? என்ரை வீட்டிலை சோறு வேகேல்லை!”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. கடைத் திறப்பை அவனிட்டைக் குடுக்கப் போறன் எண்டு சொன்னியளே. அதுதான் ஒருக்கால் நனைச்சுப் பாத்தனான். ஓடுற சாயம்.”

திறப்பை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை, சாவி என் பையிலேயே கிடந்தது. மனைவியைச் சமாதானப்படுத்தத்தான் நாள் எடுத்தது.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நானாகக் கேட்கவில்லை. ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவராகவே சொன்னார். கலியாணம் முடிந்த புதிதில் கணவரின் பட்டு வேட்டியையும் தன்னுடைய சிவப்புச் சேலையையும் ஒன்றாக ஊறப் போட்டுவிட்டாராம். வேட்டி ரோசாப்பூ நிறமாக வந்துவிட்டது. வேறு பட்டு வேட்டி வாங்க வழியில்லை. திருநாள் பூசைக்கெல்லாம் அந்த மனிதர் ரோசா நிற வேட்டியோடு போனார், ஊரே பார்த்தது.

“ஏசினவரோ?” என்றேன்.

“ஒரு வார்த்தை சொல்லேல்லை அண்ணை. ஏசியிருந்தால் நானும் அண்டைக்கே அழுது முடிச்சிருப்பன். அவர் சாகும் மட்டும் அதைப் பற்றி நாங்கள் கதைக்கவே இல்லை.”

பிறகு தேசிக்காய் ஊறுகாயை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

இப்போது அவர் நோர்வேயில் தங்கையோடு இருக்கிறார். அதற்கும் முதலில் மூலை பார்த்தார். தங்கை கோடையில் வரச் சொல்ல, இவர் பிடிவாதமாகத் தை மாதத்தில் போனார். சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிற மாதம். “நல்ல நாளிலை போய்ப் பாத்தால் என்னத்தைக் கண்டது? கூடாத நாளிலை இருந்து பாத்தன், இருக்கலாம் போலை கிடக்கு” என்று திரும்பி வந்து சொல்லிவிட்டுத்தான் ஒரேயடியாகப் போனார்.

ஆனால் அந்தத் தாகெஸ்தான் கம்பளம் வந்த நாளைச் சொல்லாமல் அவரைச் சொன்னதாக ஆகாது.

வைகாசி மாதத்துச் சனிக்கிழமை காலை. குழந்தை வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஒரு இளம் பெண்பிள்ளை வந்தாள். கலியாணம் கட்டி ஊரிலிருந்து வந்தவள் என்று பேச்சிலேயே தெரிந்தது. வண்டிலின் கீழ்த்தட்டில் கறுப்புக் குப்பைப் பை. அதைத் தூக்கி மேசையில் வைத்தவள், திறக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணை, இது என்ரை இல்லை” என்றாள். பிறகு அழுதாள்.

பையை நான்தான் திறந்தேன். நான் எத்தனையோ கம்பளம் பார்த்தவன், ஆனாலும் கை தானாக மெதுவாகியது. ஒரு ஆள் முழங்காலில் இருக்கும் அளவுதான் இருக்கும். கொக்கேசிய மலைப்பக்கத்துக் கம்பளம், கையால் முடிச்சுப் போட்டு நெய்தது. யானைத் தந்த நிறத்தில் நடுப்பகுதி, அதில் சாய்சதுரம் சாய்சதுரமாக வலைப்பின்னல், ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு பூ. சுற்றிவரச் சிவப்புக் கரை. மேலே வீட்டுக் கூரை போல ஒரு வளைவு. அந்த வளைவு தொழுகைக்கு நிற்பவர்கள் முகம் வைக்கும் திசைக்கு. நூறு வருடத்துக்கு மேலான சாமான். இப்படி ஒன்று என் கடைக்கு எப்போதாவதுதான் வரும். வரும்போது நான் யாரையும் தொட விடுவதில்லை, நானேதான் பார்ப்பேன்.

நடுவில், அந்தத் தந்த நிறத்தின் மேல், சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு சிவப்புக் கறைப் படை.

கரைச் சிவப்பு ஓடி வெள்ளைக்குள் இறங்கிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அழுகையினூடே அவள் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர், தாகெஸ்தான்காரர். மனைவி இறந்துவிட்டார். இவளுடைய கணவனுக்குப் பெரும்பாலும் இரவு ஷிப்ட். இவள் வயிற்றோடு இருந்த காலம் முழுக்க சூப் காய்ச்சி மதிலுக்கு மேலால் கொடுத்தவர் அந்த மனிதர். பிள்ளைப்பேற்று நோ கண்ட அன்று அம்புலன்ஸுக்கு அடித்ததும் அவர்தான். பிள்ளை பிறந்த தீட்டுக்கு ஐயரைக் கூப்பிட்டுத் துடக்குக் கழிக்கப் போகிறோம் என்று சொன்னபோது, இந்தக் கம்பளத்தை அவராகவே கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறார்.

“அவற்ரை மனுசியின்ரை வீட்டுச் சாமான் அண்ணை. தங்கட வீட்டிலை பிள்ளை பிறந்தால் முதல் இதிலைதான் கிடத்தி வளத்துறதாம். தனக்கு இஞ்சை பேரப்பிள்ளை இல்லை, உன்ரை பிள்ளையை வளத்து எண்டு தந்தவர். நான் விரிச்சுப் பாத்தன், கோயில் வாசல் மாதிரி மேலை கீறிக் கிடக்கு. நல்ல சாமிக் காபெற் எண்டு படத்துக்கு முன்னாலை விரிச்சு, நிறைகுடத்தை அதிலை வைச்சன். ஐயரும் நல்ல விரிப்பு எண்டவர்.”

“அது தொழுகிற விரிப்பு பிள்ளை” என்றேன்.

அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. முகம் இன்னும் வெளிறியது. “அப்ப அதுவும் பிழையோ? கடவுளே. முந்தநாள் எல்லாரும் போனாப் பிறகு, பிள்ளையை ஒரு கையிலை வைச்சுக்கொண்டு மற்றக் கையாலை சாமானுகளை எடுத்தன். ஐயர் தெளிச்ச மஞ்சள் தண்ணிச் செம்பு சரிஞ்சுது. துடைச்சன், தேச்சன், தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு ஓடி வந்திட்டுது. போனிலை பாத்தன், சிவப்பு ஓடினால் ஒண்டும் செய்யேலாதாம். என்ரை அப்பா இருந்திருந்தாலும் இவ்வளவு பாத்திருக்க மாட்டார் அண்ணை. நான் எந்த முகத்தோடை அவருக்கு முன்னாலை போறது?”

நான் என்னுடைய வழக்கப்படி சொன்னேன். “அழாதை. நான் பொறுப்பு. இண்டைக்குப் பின்னேரம் புதுசாத் தாறன்.”

எப்படித் தருவது என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் வாயிலிருந்து ஒரு வாக்கு வந்துவிட்டால் கை எப்படியாவது அதன் பின்னால் போய்விடும். பெரிய தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். சிவப்பு இன்னும் இறுக முன்பு முழுதாகக் கழுவிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து குழாயைப் பூட்டியது.

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. முதலிலை ஒரு மூலை.”

“தங்கச்சி, ஓடினது கண்ணுக்கு முன்னாலை கிடக்கு. இதிலை என்ன மூலை?”

அவர் கம்பளத்தை மேசையில் விரித்து, நனைத்த லேஞ்சியைக் கரைச் சிவப்பின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றார். வண்டிலுக்குள் பிள்ளை சிணுங்கத் தொடங்கியது. தாய் அதை ஆட்டவும் மறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேஞ்சியைத் தூக்கினார். வெள்ளை. இன்னொரு மூலை. வெள்ளை. பூவுக்குள் இருந்த சிவப்பு, வளைவின் விளிம்புச் சிவப்பு. எல்லா இடத்திலும் வெள்ளை.

“இது ஓடேல்லை அண்ணை. வேர்ச் சாயம். எங்கட பக்கத்திலையும் அந்தக் காலத்திலை சாயவேர் கிண்டினவை எண்டு சொல்லுவினம். இது செத்தாலும் ஓடாது.”

“அப்ப இது என்ன?” என்று படையைக் காட்டினேன்.

லேஞ்சியின் மற்றப் பக்கத்தைப் படையின் மேல் அழுத்தினார். செம்மஞ்சளாக ஏறியது. முகர்ந்தார். அவருடைய வாயோரம் துடிப்பதை நான் கண்டேன்.

“பிள்ளை, என்னத்தாலை தேச்சனி?”

“சவுக்காரத்தூள் போட்டு.”

“சரி. உன்ரை மனுசன்ரை வெள்ளைச் சேட்டிலை குழம்பு ஊத்துப்பட்டு, நீ சவுக்காரம் போட்டால் என்ன நிறமாகும்?”

“சிவக்கும்” என்றாள். சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். “ஐயோ அக்கா. மஞ்சளோ?”

“மஞ்சள்தான். உன்ரை வீட்டு மஞ்சள். நீயே ஊத்தி, நீயே சவுக்காரம் போட்டுச் சிவப்பாக்கிப்போட்டு, பாவம், அந்தக் காபெற்றிலை பழியைப் போடுறாய்!”

தமிழ் வீட்டுக் குசினியில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. பதறிய மனத்துக்கு மட்டும் தெரியவில்லை. எனக்கும்தான் அந்த நேரம் மூளை ஓடவில்லை, ஆனால் நான் அதைச் சொல்லாமல், “நானும் அப்பிடித்தான் நினைச்சனான்” என்றேன்.

“நினைச்சனீங்கள் எண்டால் பக்கத்துக் கடையிலை போய்த் தேசிக்காய் வாங்கியாங்கோ” என்றார் அவர்.

முதலாளி நான். போய் வாங்கி வந்தேன்.

எலுமிச்சைதான் எங்கள் தேசிக்காய். அதன் புளியைத் தண்ணீரில் கலந்து, படையின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டார். எங்கள் கண் முன்னால் சிவப்பு பின்வாங்கி மஞ்சளானது. பிறகு முழுவதும். நானே நின்று நல்ல தண்ணீரால் எடுத்தேன், அந்த வேலையை நான் யாருக்கும் விடவில்லை. சிவப்புப் போய்விட்டது. மங்கலான மஞ்சள் நிழல் ஒன்று மட்டும் மிச்சம். அதை எடுக்க மருந்து கிடையாது, வெயில்தான். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது.

எங்கள் கடையின் பின்வளவில் ரயில்பாதை மேட்டின் நிழல் நாள் முழுக்க விழும். “என்ரை வீட்டுக்குக் கொண்டு போறன்” என்றேன். என் வீட்டுத் தோட்டம் பெரியது, அதில் விழுகிற வெயில் ஹரோவில் வேறு எங்கும் விழாது. அந்தப் பிள்ளையும் தலையாட்டினாள். “ஓம் அண்ணை, அவருக்குத் தெரியாமலே திருப்பிக் குடுத்திடுவம்.”

அவர் லேஞ்சியைப் பிழிந்துகொண்டிருந்தவர், நிறுத்தினார்.

“குடுத்திடலாம் பிள்ளை. அவருக்கு ஒண்டும் விளங்காது. ஆனால் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த மதிலுக்கு மேலாலை அவரைப் பாக்கேக்கை, நீ என்ன செய்வாய்?”

அவள் குனிந்து வண்டிலுக்குள் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

“உன்ரை வீட்டிலை வெயில் இல்லையோ?”

“பின்னுக்கு நல்ல வெயில். ஆனால் அவற்ரை குசினி யன்னல் அந்தப் பக்கந்தான் அக்கா. கண்டிடுவார். எனக்குச் சொல்லப் பயமாக் கிடக்கு.”

“முழுக்கச் சொல்லாதை. முதலிலை ஒரு மூலையை நான் சொல்லிப் பாக்கிறன். அந்த மனுசன் எப்பிடி எண்டு பாத்திட்டு மிச்சத்தை நீ சொல்லு.”

அவளுடைய வீட்டுக்கு வானை நான் ஓட்டினேன். வழியில் முகில் ஒன்று வந்து எங்களைப் பயமுறுத்திவிட்டுப் போனது. பின் தோட்டத்தில் கொடி கட்டியிருந்தது. கம்பளத்தை அதில் போட்டு, மஞ்சள் நிழல் வெயிலுக்கு முகம் காட்டும்படி இழுத்துவிட்டேன். எங்கள் அக்கா நேரே மதிலடிக்குப் போனார். அந்தப் பக்கம் கிழவர் ஏதோ செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். உயரமான மனிதர், வெள்ளை மீசை. இவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை, அதாவது எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காதவை. கிழவருடையதும் அப்படித்தான் என்பதால் மூன்று பேருக்கும் நன்றாக விளங்கியது.

“அங்கிள், ஒரு கேள்வி. உங்கள் கம்பளத்தில் கொஞ்சம் தண்ணீர் பட்டால் கோபிப்பீர்களா?”

கிழவர் பூவாளியைக் கீழே வைத்தார். “எவ்வளவு தண்ணீர்?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம் என்றால்?”

“கொஞ்சத்தை விடக் கொஞ்சம் கூட.”

கிழவரின் முகத்தில் சிரிப்பு இல்லை. கொடியில் தொங்குவதைக் கண்டுவிட்டார். பிறகு எங்களுக்குப் பின்னால் நின்ற அந்தப் பிள்ளையையும், அவள் தோளில் கிடந்த குழந்தையையும் பார்த்தார்.

அவளால் தாங்க முடியவில்லை. மூலை, கரை, நடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். நிறைகுடம், மஞ்சள் தண்ணீர், சவுக்காரத்தூள், குப்பைப் பை, கடை. இடையிடையே தமிழும் வந்தது. எங்கள் அக்கா கையைக் காட்டித் தடுக்கப் பார்த்தார், நிற்கவில்லை. நான் அடுத்த நிமிடத்துக்கு என்னைத் தயார்ப்படுத்திக்கொண்டேன். கிழவர் கத்தினால் நான்தான் முன்னால் போய்ப் பேசுவது என்று முடிவு செய்துவிட்டேன். பேச்சில் நான் தோற்றதில்லை.

கிழவர் மதிலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “தண்ணீர் சூடாக இருந்ததா?”

“என்ன?”

“செம்பில் இருந்த தண்ணீர். குழந்தை உன் கையில் இருந்தது என்றாயே. சூடா? குழந்தையில் பட்டதா?”

“இல்லை அங்கிள். பச்சைத் தண்ணீர். பிள்ளையில் படவில்லை.”

“ம்” என்றார். மூச்சு விட்டார். அதன் பிறகுதான் பக்கத்துப் படலையால் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். முதலில் குழந்தையின் காலைத் தூக்கிப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகுதான் கம்பளத்தடிக்கு வந்தார். மஞ்சள் நிழலை உள்ளங்கையால் தடவினார். 

“தொழுகிற விரிப்பு என்று எனக்குத் தெரியாது. அதில் குடத்தை வைத்துவிட்டேன்” என்றாள் அவள், குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல.

“குடத்தில் என்ன இருந்தது?”

“தண்ணீர். மேலே மாவிலையும் தேங்காயும்.”

“தேங்காயா?” கிழவர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் தேங்காயின் அளவைக் காட்டினேன். மீசைக்குக் கீழே முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. “இதில் ஏற முன்பு நானும் தண்ணீரிடம்தான் போகிறேன், மகளே. கை, முகம், கால் எல்லாம் கழுவித்தான் ஏறுவேன். தண்ணீர் இதற்குப் புதிதல்ல. தேங்காய்தான் புதிது. என் மனைவி இருந்திருந்தால் இந்தத் தேங்காய்க் கதையை ஊருக்கெல்லாம் போன் எடுத்துச் சொல்லியிருப்பாள்.”

பிறகு சொன்னார்: “இரண்டு நாளாக உன் குசினித் திரை மூடியிருந்தது. நான் கொடுத்த சூப்பில் ஏதோ பிழை என்று நினைத்தேன். கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.”

அவள் அதற்குச் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, குசினிப் படியில் தொப்பென்று இருந்துவிட்டாள்.

எங்கள் அக்கா அவளிடம் போகவில்லை. கம்பளத்துக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்று, அதன் கரையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது, போட்டவன் நான். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “உடனை சொல்லிப்போட்டாள், என்ன அண்ணை. முழுக்கச் சொல்லிப்போட்டாள்.”

“ஓம் தங்கச்சி.”

“நல்லது” என்றார். கண்ணைத் துடைத்தார். அவர் அழுது நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

முகில் விலகிய வெயில் நேராக விழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அந்த மஞ்சள், ஓரத்திலிருந்து மெலியத் தொடங்கியது. கிழவர் குழந்தையைத் தோளில் போட்டு, தன் மொழியில் ஏதோ சொல்லி முதுகில் தட்டிக்கொண்டு புல்லில் நடந்தார்.

“அக்கா” என்றாள் அந்தப் பிள்ளை படியிலிருந்து. “பசிக்குது. செம்பு சரிஞ்ச நேரத்திலையிருந்து நான் ஒழுங்காச் சாப்பிடேல்லை.”

கிழவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அது அவருக்கு விளங்கிவிட்டது. குழந்தையோடு தன் வீட்டுக்குள் போய், ரொட்டியும் வெண்ணெய்க்கட்டியும் ஒரு தட்டில் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். அவள் இரண்டு கையாலும் பிய்த்துப் பிய்த்து வாயில் அடைத்தாள். கன்னம் உப்பி, ரொட்டித் தூள் சட்டையெல்லாம் கொட்டியது.

“மெல்லமாச் சாப்பிடு பிள்ளை” என்றார் அக்கா. “ஒருத்தரும் பறிக்க வரேல்லை.”